ஞானப்பல்லும் விமானியும்: மெய்யை எப்போது சொல்வது?

எங்க ஊர்ப் பக்கம் "பைலட்" என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது 108 ஆம்புலன்ஸ் ஓட்டுபவர்தான். அடுத்தது, காரைக்குடிக்குப் போகிற ரயிலை ஓட்டும் லோகோ பைலட். நிஜமாகவே வானத்தில் ஓட்டுகிற பைலட் எங்கள் குடும்பத்தில் ஒரே ஒருத்தன்தான். என் அக்கா மகன். துணை விமானியாக இருக்கிறான். போன வருஷம் ஆறு நாள் லீவில் திருமயம் வந்தவன், இரண்டாம் நாள் காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான்.

மேல் தாடையில் கடைசிப் பல். ஞானப்பல் என்று சொல்வோமே, அது. பாதி முளைத்து, பக்கத்துப் பல்லில் இடித்துக்கொண்டு, ஈறு வீங்கியிருந்தது. புதுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "எடுத்துடலாம். அரை மணி நேர வேலை" என்றார்.

"எடுத்தா எத்தனை நாள் ஃபிளைட் கூடாது டாக்டர்?"

"ஃபிளைட்ல போகணுமா? ரெண்டு மூணு நாள் கழிச்சுப் போங்க, ஒண்ணும் பிரச்சினை இல்லை."

"போறது இல்ல டாக்டர். ஓட்டுறது."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டு, "அப்ப அதை உங்க ஆளுங்ககிட்டதான் கேக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். "கம்பெனிக்கு எதுக்குடா சொல்லணும்? பல்லுதானே? இருதயமா? சத்தமில்லாம புடுங்கிட்டு, லீவு முடிஞ்சதும் போய் ஓட்டு." அக்கா அப்படிச் சொன்னதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் அவள் கேட்ட கேள்வி எனக்குள் ஒட்டிக்கொண்டது. பல்லுதானே? அன்றைக்கு ராத்திரி தேட ஆரம்பித்தது, பல வாரம் ஓடியது. படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பல்லுக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்?

விமானத்தில் போனவர்கள் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாக்கெட்டுக்குள் புதிதாகக் காற்று எதுவும் போகவில்லை. வெளியே அழுத்தம் குறைந்ததால் உள்ளே இருந்த காற்று விரிந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதி, அவ்வளவுதான்.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே அந்த உயரத்தின் அழுத்தம் இருப்பதில்லை. காற்றை அழுத்தி உள்ளே நிரப்புகிறார்கள். ஆனால் தரைமட்ட அளவுக்கும் நிரப்புவதில்லை. விமானத்தின் உடல் தாங்க வேண்டுமே. பெரும்பாலான பயணிகள் விமானங்களில் உள்ளே இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், விமானத்தில் உட்கார்ந்திருப்பது கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பது மாதிரி. ஒரே வித்தியாசம், மலைப்பாதையில் மணிக்கணக்கில் ஏறுகிற ஏற்றத்தை இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் ஏறிவிடுகிறோம்.

8,000 அடி அளவில், உடம்புக்குள் வெளியேற வழியில்லாமல் அடைபட்ட காற்று சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். காதில் அடைத்தால் எச்சில் விழுங்கிச் சரிசெய்துகொள்கிறோம். வயிற்றில் இருந்தால் ஏப்பம் வரும். பல்லுக்குள் அடைபட்டால்? பல் கல் மாதிரி. அது விரிந்து கொடுக்காது. சரியாக மூடாத பழைய அடைப்புக்குக் கீழேயோ, சொத்தைக்குள்ளேயோ, பாதியில் நிற்கும் வேர் சிகிச்சையிலோ ஒரு பொட்டுக் காற்று இருந்தாலும், ஏற்கெனவே வீங்கிக் கிடக்கிற நரம்பு துடித்துவிடும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானப் படை வீரர்களிடம் இந்த வலி அடிக்கடி வந்ததால் "பறப்புப் பல்வலி" என்ற பொருளில் தனிப் பெயரே வைத்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் செட்டிநாட்டில் அந்தப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இப்போது எனக்குக் குண்டு ஞாபகம் வருவதில்லை, பல்வலிதான் ஞாபகம் வருகிறது.

ஒரு சின்னக் குறிப்பு, பயணிகளுக்கும் உதவும். விமானம் ஏறும்போது வலித்தால் பெரும்பாலும் பல்லின் உள்ளே கோளாறு. இறங்கும்போது மேல் கடைவாய்ப் பற்கள் எல்லாம் சேர்ந்து வலித்தால், குற்றவாளி பல்லாக இல்லாமல் அதற்கு மேலே இருக்கிற சைனஸ் அறையாக இருக்கலாம். மேல் கடைவாய்ப் பற்களின் வேர், சைனஸின் தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் மேல் தாடைப் பல்லைப் பிடுங்கினால் டாக்டர் "மூக்கைச் சிந்தாதீங்க" என்று சொல்லி அனுப்புகிறார். சில சமயம் பல் இருந்த குழிக்கும் சைனஸுக்கும் நடுவே வழி திறந்துகொள்ளும்.

இன்னொன்று. பல் பிடுங்கிய குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் எலும்புக்கு மூடி. அது கழன்றுவிட்டால் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கடுமையான வலி கிளம்பும். மருமகன் மறுநாள் பல்லைப் பிடுங்கினால், பணிக்குத் திரும்ப வேண்டிய நாள் சரியாக அந்தக் கணக்கில் விழுந்தது.

ஊசி, மாத்திரை, வாய் கொப்பளிக்கும் தண்ணீர்

பல்லை மட்டும் பார்த்தால் போதாது. அதோடு வருகிற சீட்டையும் பார்க்க வேண்டும்.

முதலில் மரத்துப்போகும் ஊசி. சில மணி நேரத்தில் உணர்வு திரும்பிவிடும். ஆனால் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டுதல், அந்த இடத்தை மட்டும் மரக்க வைக்கும் ஊசி போட்டால் குறைந்தது 12 மணி நேரமும், முழு மயக்கம் கொடுத்தாலோ முதுகுத்தண்டில் ஊசி போட்டாலோ குறைந்தது 48 மணி நேரமும் பறக்க வேண்டாம் என்கிறது. "குறைந்தது" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊசியின் வேகம் இறங்குவதற்கான நேரம் மட்டும்தான் அது. எந்தக் காரணத்துக்காக ஊசி போட்டார்களோ, அது ஆறுவதற்கான நேரம் தனி.

அடுத்து மாத்திரை. பல் பிடுங்கினால் வலி மாத்திரை, கிருமிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. நம்ம ஊரில் வலி மாத்திரை என்று கொடுப்பதில் பாராசிட்டமாலோடு டிராமடால் கலந்ததும் உண்டு. டிராமடால் தலைசுற்றலும் தூக்கமும் தரும். அதைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரே ஓட்டக் கூடாது. புதிதாகத் தொடங்கும் எந்த மருந்தையும் முதல் தடவை தரையில் இருக்கும்போது எடுத்துப் பார் என்பது விமான மருத்துவத்தில் பழைய பாடம். ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்தால் பக்கத்தில் டாக்டர் இருக்கணும், பக்கத்தில் மேகம் இருக்கக் கூடாது.

மூன்றாவது விஷயம் எனக்கே ஆச்சரியம். வாய் கொப்பளிக்கும் மருந்து. இந்தியாவில் விமானிகள் பறப்பதற்கு முன் 12 மணி நேரத்துக்குள் மது தொடக் கூடாது. பணிக்கு வரும்போது கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். அனுமதிக்கும் அளவு பூஜ்யம். முதல் தடவை மாட்டினால் மூன்று மாதம் உரிமம் நிறுத்தம், இரண்டாம் தடவை மூன்று வருஷம், மூன்றாம் தடவை உரிமமே ரத்து. பல வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் ஆல்கஹால் இருக்கிறது. அதனால் 2023ல் டிஜிசிஏ, அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், தன் விதியில் வாய் கொப்பளிக்கும் மருந்தையும் பல் ஜெல்லையும் பெயர் சொல்லியே சேர்த்தது. ஆல்கஹால் கலந்திருந்தால் பயன்படுத்தக் கூடாது. அப்படிப்பட்ட மருந்து எடுக்க வேண்டியிருந்தால் பறக்கும் பணிக்கு முன் நிறுவன மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆக, "பல்லுதானே" என்ற பேச்சுக்கு விதிப் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது.

சின்ன ஆபரேஷன் யாருக்குச் சின்னது?

குடலிறக்கம், குடல்வால், பித்தப்பைக் கல் எல்லாம் இன்றைக்குச் சின்ன ஆபரேஷன் கணக்கில் வந்துவிட்டன. மூன்று துளை, இரண்டு நாள் ஆஸ்பத்திரி. கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர் ஒரு வாரத்தில் வேலைக்குப் போய்விடலாம். விமானிக்கு ஏன் முடியாது?

முதல் காரணம் காற்று. துளை வழியாகச் செய்யும் ஆபரேஷனில் வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்பித்தான் இடம் உண்டாக்குகிறார்கள். மிச்சம் இருப்பதை உடம்பு சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் உடனே இல்லை.

இரண்டாவது காரணம் பலம். எப்போதும் பொத்தான் அழுத்துகிற வேலைதான் என்று நாம் நினைக்கிறோம். புறப்படும் நேரத்தில் ஒரு இஞ்சின் நின்றுபோனால், விமானம் ஒரு பக்கம் திரும்பாமல் பிடிக்கக் காலால் ரட்டரை ஊன்றி மிதிக்க வேண்டும். தையல் போட்ட வயிற்றோடு அதைச் செய்ய முடியுமா? தினமும் செய்கிற வேலைக்கான தகுதி போதாது, என்றோ ஒருநாள் வரக்கூடிய வேலைக்குத் தகுதி வேண்டும். எனக்கு இந்த விஷயம் புரிந்த பிறகுதான் மற்ற விதிகளெல்லாம் புரிந்தன.

மூன்றாவது கண். விழித்திரை விலகினால் செய்யும் ஆபரேஷனில் சில சமயம் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டு வைப்பார்கள். வாயுவைப் பொறுத்து அது கரைய இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அதற்குள் விமானம் ஏறினால் குமிழி விரிந்து கண்ணின் அழுத்தம் எகிறி, பார்வையே போகலாம். இது விமானிக்கு மட்டும் இல்லை, பயணிக்கும்தான். இன்னும் சொன்னால், கொடைக்கானல் ஏறுவதும் இதே ஆபத்துதான். யாராவது உறவுக்காரர் இந்த ஆபரேஷன் செய்துகொண்டிருந்தால் தயவுசெய்து சொல்லி வையுங்கள்.

நடுவானில் விமானி செயலிழந்தால் என்று நினைத்தாலே நமக்கு மாரடைப்புதான் ஞாபகம் வரும். ஆனால் விமானிகளிடம் நடத்திய ஆய்வுகளில் அடிக்கடி வந்த பதில் வயிறு. வாந்தி, பேதி, வயிற்றுவலி. உயிரை எடுக்காத உபாதைகள்தான், ஆனால் ஓடுதளம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் வந்தால் அவையே போதும். ஒரு கேப்டன், ஒரு துணை விமானி என்று இரண்டு பேர் உட்காருவதன் ஒரு காரணமும் இதுதான். 1972 ஜூன் 18 அன்று லண்டன் பக்கத்தில் ஸ்டெய்ன்ஸ் என்ற இடத்தில் ஒரு டிரைடென்ட் விமானம் புறப்பட்ட சில நிமிஷங்களில் விழுந்து 118 பேரும் இறந்தார்கள். கேப்டனுக்கு இருதய நாளங்களில் நோய் இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அவர் மறைக்கவில்லை, அவருக்கே தெரியாது. தெரியாததற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது. தெரிந்ததைச் சொல்வது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

யாரிடம் சொல்ல வேண்டும்?

இந்தியாவில் விமானி ஆக விரும்புகிறவர் முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை, பிறகு முதல் வகுப்புப் பரிசோதனை என்று தாண்ட வேண்டும். வணிக விமானிகளுக்குப் பொதுவாக வருஷத்துக்கு ஒருமுறை, 60 வயதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மதிப்பீட்டை முடிவு செய்வது டிஜிசிஏவின் மருத்துவப் பிரிவு. தகுதி, தற்காலிகமாகத் தகுதியில்லை, நிரந்தரமாகத் தகுதியில்லை. இந்த மூன்று வார்த்தைக்குள்தான் ஒரு விமானியின் வாழ்க்கை.

ஆனால் பரிசோதனை வருஷத்தில் ஒரு நாள். மீதி 364 நாள்? அங்கேதான் விமானியின் நேர்மைக்கு வேலை. 1944ல் சிகாகோவில் உருவான ஒப்பந்தத்தின் முதல் இணைப்பு இதைச் சொல்கிறது: தன் உடல் தகுதி குறைந்திருப்பது தெரிந்தால், உரிமம் செல்லுபடியாக இருந்தாலும், விமானி அதைப் பயன்படுத்தக் கூடாது. அதாவது, தன்னைத் தரையிறக்கும் முதல் அதிகாரி விமானியேதான். ஐரோப்பிய விதி இன்னும் விவரமாகப் பட்டியல் போடுகிறது. அறுவை சிகிச்சை, ஏதேனும் மருந்தைத் தொடர்ந்து எடுக்கத் தொடங்குவது, ஆஸ்பத்திரியில் சேர்வது, முதல் தடவையாகக் கண்ணாடி தேவைப்படுவது, கர்ப்பம். இதில் எது வந்தாலும் தாமதிக்காமல் விமான மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அப்புறம் ஏன் மறைக்கிறார்கள்?

எல்லாருக்கும் பதில் தெரியும். பயம். மற்றவர்களுக்கு டாக்டரிடம் போனால் குணமாகும். விமானிக்கு டாக்டரிடம் போனால் வேலை போகலாம். பயிற்சிக்கு வாங்கிய கடன் பல லட்சம். தரையில் உட்கார்ந்தால் பறப்பதற்கான படி குறையும். சீனியாரிட்டி தள்ளிப்போகும். அப்பழுக்கில்லாத உடம்போடு உள்ளே போய், அதோடு வெளியே வருவதைத் தவிர அந்த அறையில் லாபம் எதுவும் கிடையாது.

இந்தப் பயம் முற்றிப்போனால் என்ன ஆகும் என்பதை உலகம் 2015 மார்ச் 24 அன்று பார்த்தது. ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி, கேப்டன் வெளியே போன நேரத்தில் கதவைப் பூட்டிவிட்டு, விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். அவருக்கு மனநோய் இருந்தது. வேலைக்குப் போக வேண்டாம் என்று மருத்துவர் கொடுத்த சீட்டு இருந்தது. நிறுவனத்துக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. இதைப் பல்வலியோடு ஒப்பிடவே கூடாது, தெரியும். மனநோய் உள்ளவர்கள் எல்லாரும் ஆபத்தானவர்கள் என்பதும் இல்லை. ஆனால் விசாரணைக்குப் பிறகு ஐரோப்பா எடுத்த முடிவைக் கவனிக்க வேண்டும். தண்டனையைக் கூட்டினால் மறைப்பதும் கூடும் என்று புரிந்துகொண்டு, விமானிகள் சக விமானிகளிடம் ரகசியமாகப் பேசி உதவி பெறும் ஏற்பாட்டை எல்லா நிறுவனங்களும் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள்.

எனக்குப் பிடித்த கதை வேறொன்று. 1968. மைக்கேல் காலின்ஸ் என்ற விண்வெளி வீரர் அப்பல்லோ 8 குழுவில் இருந்தார். நிலாவைச் சுற்றி வரப்போகும் முதல் மனிதர்கள். அந்த நேரத்தில் அவருக்குக் கால் சரியாக ஒத்துழைக்கவில்லை. பந்து விளையாடும்போது தெரிந்தது. சொன்னால் இடம் போகும் என்பது அவருக்குத் தெரியாதா? மருத்துவரிடம் போனார். கழுத்து எலும்புகளுக்கு நடுவில் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். ஜூலையில் ஆபரேஷன். இடம் போயே போனது, அவருக்குப் பதிலாக ஜிம் லவல் நிலாவைச் சுற்றி வந்தார். காலின்ஸ் தரையிலிருந்து அவர்களிடம் ரேடியோவில் பேசினார். ஆபரேஷன் முடிந்து சரியாக ஒரு வருஷம், 1969 ஜூலையில், அப்பல்லோ 11ல் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலாவில் நடந்தபோது மேலே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது இதே காலின்ஸ்தான். சொன்னவர்களுக்கெல்லாம் நிலா கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னதால் கதவு மூடிவிடவில்லை என்பது மட்டும்தான் விஷயம்.

அக்கா ஏன் அப்படிச் சொன்னாள்?

எங்கப்பா தனியார் பஸ் டிரைவர். ஐம்பது வயதைத் தாண்டியதும் அவருக்கு இருட்டினால் எதிர்வண்டி வெளிச்சம் பூசினாற்போல் தெரிய ஆரம்பித்தது. வீட்டில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். எனக்குக்கூடச் சொல்லவில்லை. "வெளிய சொன்னா சோறு போயிடும்" என்பதுதான் வீட்டுச் சட்டம். ராத்திரி டிரிப் வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி மாற்றிக்கொள்வார். இப்படியே இரண்டு வருஷம். ஒரு நாள் மாற்ற முடியவில்லை. பின்விளக்கு இல்லாமல் ரோட்டோரம் நின்ற டிராக்டரை மிகத் தாமதமாகப் பார்த்து ஒடித்தார். பஸ்ஸின் இடப்பக்கம் முழுக்கக் கிழிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலோரம் ஒரு கைக்குழந்தை இருந்தது என்பதை மட்டும் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவரே முதலாளியிடம் போய்ச் சொன்னார். கண்புரை. ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். இரண்டு மாதத்தில் பகல் டிரிப்புக்குத் திரும்பினார். இரண்டு வருஷம் மறைத்தது, இரண்டு மாதத்தில் தீர்கிற ஒன்றை. அக்காவுக்கு அந்த இரண்டு வருஷத்துப் பயம் மட்டும் அப்படியே மிஞ்சிவிட்டது. அன்றைக்கு நான் இதை ஞாபகப்படுத்தியதும் அவள் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மருமகன் அன்று மாலையே நிறுவன மருத்துவருக்குப் போன் செய்தான். அவர் கேட்டவை நாலைந்து கேள்விதான். எந்தப் பல், என்ன ஊசி, என்ன மாத்திரை, எப்போது பிடுங்குகிறார்கள். பணி அட்டவணையிலிருந்து ஒரு வாரம் எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வலி வந்தது. லேசாக இல்லை, ராத்திரி முழுக்க முற்றத்தில் நடந்தான். புதுக்கோட்டைக்குப் போய்க் குழிக்கு மருந்து வைத்துக்கொண்டு வந்தோம். "மாமா, இந்நேரம் ஓட்டிக்கிட்டிருந்திருப்பேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஆறின பிறகு டாக்டர் சீட்டை அனுப்பி, நிறுவன மருத்துவர் பார்த்துச் சரி என்றதும் கிளம்பினான். திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கோட்டையடியில் காரை நிறுத்தச் சொல்லி அக்கா கோயிலுக்குள் போய்விட்டு வந்தாள். எங்க ஊர்ப் பெருமாள் பெயர் சத்தியமூர்த்தி. மெய்யர் என்றும் சொல்வார்கள். திருமெய்யம் என்பதுதான் திருமயம் ஆனது. தமிழில் மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த ஊரில் பிறந்துவிட்டு, ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை மறைக்கப் பார்த்தோம்.

காரில் திரும்ப ஏறியதும் அக்கா மகனிடம் கேட்டாள்: "அடுத்த வாட்டி பல்லு வலிச்சா யாருகிட்ட முதல்ல சொல்லுவ?"

"கம்பெனி டாக்டர்கிட்ட."

"எங்கிட்ட?"

"ரெண்டாவது."

அக்கா சிரித்தாள். அதற்கு அவள் ஒத்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது.